வாய் மூடிய பரிசோதனை

லீட்டா ஸ்லோனுக்குக் கை ஓட வேண்டுமானால் வாயும் ஓடியாக வேண்டும். டாக்டருக்கு அடுத்தபடியாக நோயாளிகளைப் பார்க்கும் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பின் முதல் வருடம் அவளை அப்படிக் கெடுத்து வைத்திருந்தது. பரீட்சை அறையின் மூலையில் ஒரு கேமரா, அதற்குப் பின்னால் வாத்தியார். சோதித்ததை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் சோதிக்கவே இல்லை என்று கணக்கு, மதிப்பெண் போச்சு. சக மாணவர்களின் வயிற்றைத் தட்டித் தட்டி ஒப்பித்த பழக்கத்தில், பல் துலக்கும்போதுகூட "மேல் வரிசை, பழுதில்லை" என்று முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மலையூர் ஒன்றின் கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வந்த முதல் நாளே அந்தப் பழக்கம் காலை வாரிவிட்டது. பேங்க் மேனேஜரின் மனைவி வயிற்றுவலி என்று வந்து படுத்தார். "வயிறு பெரிது, கொழுப்பு இரண்டு பக்கமும் சமம்" என்று லீட்டா கணீரென்று அறிவித்தாள். அந்த அம்மாள் வலியை மறந்து, கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பயிற்சி கொடுத்த மார்லின் க்ராஃப்டும் இதே படிப்பைப் படித்து, அங்கேயே வெகுகாலமாக வைத்தியம் பார்ப்பவர்.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா காலேஜுக்கே திருப்பி அனுப்பிடுவேன். ஒரு வருஷம் வீணாப் போகும். உள்ள ஒருத்தர் இருக்காரு, போய்ப் பாரு. வாயத் தொறக்காதே."

உள்ளே இருந்தவர் வர்ஜில் நேப்பியர், புகையிலை விவசாயி. இருமலுக்காக வந்திருந்தார். லீட்டா உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். அவ்வளவுதான், கை நகரவில்லை. அடுத்து எங்கே வைப்பது? வாய் சொல்லாததால் மூளையும் வேலைநிறுத்தம் செய்தது. அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

வர்ஜில் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, அங்கயே வெச்சுக்கிட்டு நிக்கிறே? அங்க என்ன இருக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்வதற்காக அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எங்க அண்ணனுக்கும் டாக்டரு இப்படித்தான் பேசாம தலையாட்டினாரு. கொஞ்ச நாள்ல புதைச்சோம்!" என்றவர் எழுந்து கதவைத் திறந்து கத்தினார். "டேய் க்ளீட்டஸ்! ட்ராக்டர் உனக்குத்தான்டா! அம்மாவ நல்லாப் பாத்துக்கோ!"

"நெசமாவாப்பா?" என்று வெளியிலிருந்து மகனின் குரல் வந்தது. அதில் துக்கம் போதவில்லை.

லீட்டா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி தறிகெட்டு ஓடியது. இருமல் கொல்லாத மனிதரைத் தன் மௌனம் கொன்றுவிடும் என்று அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. வருடம் போனால் போகட்டும்.

"உக்காருங்க ஐயா. இப்ப நாடி பாக்கறேன். ரொம்ப வேகமா இருக்கு, நான் பயமுறுத்தினதால. இப்ப முதுகு. வலப்பக்கம் மேல, மூச்சு நல்லா வருது. இடப்பக்கமும் நல்லா வருது. கீழ கொஞ்சம் கொறகொறங்குது. நெஞ்சுச்சளிதான் ஐயா, இப்போதைக்குப் பயப்பட ஒண்ணும் இல்ல."

சொல்லச் சொல்லக் கை நகர்ந்தது. நாடியும் இறங்கியது. நிமிர்ந்தால் வாசலில் மார்லின். வர்ஜில் போட்ட சத்தம் அவரை இழுத்து வந்திருந்தது.

"புகார் ஏதாவது இருக்கா, வர்ஜில்?"

"இருக்கு."

லீட்டா வெள்ளைக் கோட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"இவ மேல இல்ல, உம்மேல. இத்தன வருஷமா என் நெஞ்சுல அந்தக் குழாய வெக்கறே, 'ம்'ங்கறே, மருந்து எழுதறே. ஒவ்வொரு தடவையும் அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு பயந்துக்கிட்டேதான் வீட்டுக்கு வண்டி ஓட்டறேன்."

மார்லினுக்கு முகம் சிவந்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டி, வர்ஜிலின் முதுகில் வைத்தார்.

"வலப்பக்கம் மேல... நல்லா இருக்கு" என்றார், தயங்கித் தயங்கி. பிறகு லீட்டாவைப் பார்த்தார்.

"அடுத்தது என்ன சொல்லணும்?"