ஏனாத்தூர் வாசகர் வட்டம்

வியாழக்கிழமை பகலில் தபால்காரர் ஒரு கட்டைப் பையைக் கடை வாசலில் இறக்கி வைத்தார். உள்ளே இருபத்திரண்டு உறைகள். எல்லாமே துளசி தன் கையால் முகவரி எழுதி போன வாரம் அனுப்பியவை. ஒவ்வொன்றின் மேலும் ‘பெற மறுத்தார்’ என்று நீல மையில் எழுதியிருந்தது.

“எல்லாம் ஏனாத்தூரும்மா,” என்றார் தபால்காரர். “ஒருத்தரும் வாங்க மாட்டேன்னுட்டாங்களாம்.”

“ஒருத்தர் கூடவா?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

துளசி பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஒரு கல்யாணப் பத்திரிகை பாதியில் நின்றிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குப் பின்னால் பட்டம் விட்டுப்போயிருப்பதாக இரண்டு தடவை போன் வந்துவிட்டது. பட்டுப் புடவை எடுக்க ஊருக்கு வருகிறவர்கள் பத்திரிகையையும் இங்கேயே அடித்துக்கொண்டு போவார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் அந்தக் கடையில் அவள் பதினாறு வருடமாக வடிவமைப்பு வேலை பார்க்கிறாள். வயது நாற்பத்தொன்று.

அந்த உறைகளில் இருந்தது அவளுடைய சித்திரக்கதை இதழ். பெயர் ‘ஆதுலசாலை’. ஆதுலசாலை என்றால் அந்தக் காலத்து மருத்துவமனை. சோழர் காலத்தில், மூன்று ஆறுகள் சேரும் திருமுக்கூடலில் அப்படி ஒன்று நடந்ததைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அதில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு நங்கை என்று பெயர் வைத்துக் கதை எழுதியவர் மணிவண்ணன். வாலாஜாபாத் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். வரைவது, எழுத்துக் கோப்பது, அச்சகத்துக்கு அலைவது, உறை ஒட்டுவது எல்லாம் துளசி. மூன்று வருடத்தில் பதினொரு இதழ்கள் வந்திருந்தன.

தமிழில் சித்திரக்கதை வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். அதிலும் பெரும்பாலோர் ஐம்பது தாண்டிய ஆண்கள். சின்ன வயதில் படித்த குதிரையும் துப்பாக்கியும் அவர்களுக்கு மறுபடியும் வேண்டும். “கத்திச் சண்டை எப்ப வரும் சகோதரி?” என்று மாதம் ஒருவராவது கேட்பார். புத்தகக் காட்சியில் மேசை போட்டால் பிள்ளைகள் ஆசையாகப் புரட்டுவார்கள். “படம் போட்டதெல்லாம் வேணாம், படிக்கிற புக்கா பாத்து எடு” என்று அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள்.

நான்காம் இதழின் பின்பக்கத்தில் துளசி ஒரு குறிப்பு போட்டிருந்தாள். சந்தாதாரர்கள் இருநூறைத் தொடாவிட்டால் இதுவே கடைசி இதழ். அப்போது நூற்று எண்பத்திரண்டு பேர் இருந்தார்கள். பத்து நாளில் ராமராஜன் என்பவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ‘ஏனாத்தூரில் வாசகர் வட்டம் தொடங்கியிருக்கிறோம். இருபத்திரண்டு பேர். சந்தா அனுப்பியுள்ளேன். முகவரிகள் கீழே. தொடர்ந்து நடத்தவும்.’

அன்று மணிவண்ணனும் அவளும் போனில் அரைமணி நேரம் பேசினார்கள். அதற்கப்புறம் யாராவது விற்பனை பற்றிக் கேட்டால் துளசி சொல்லும் முதல் விஷயம் அதுதான். “எங்க பக்கத்து ஊர்லயே வாசகர் வட்டம் இருக்குது சார்.” ஒரு தடவை எல்லாரையும் நேரில் பார்க்க வருகிறேன் என்று எழுதினாள். ‘அப்புறம் வாங்கம்மா, இப்போது அறுவடை நேரம், ஆள் சேராது’ என்று பதில் வந்தது. அடுத்த தடவை கோயில் திருவிழா. அதற்கடுத்த தடவை தேர்தல்.

இப்போது ராமராஜனின் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமை அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, பையை ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு ஏனாத்தூர் போனாள். முதல் உறையில் இருந்த முகவரி ஒரு தையல் கடை. கடைக்காரர் வேல்முருகன் ஜாக்கெட் வெட்டிக்கொண்டிருந்தார். உறையைப் பார்த்ததும் கத்தரியை வைத்தார்.

“இது ராமராஜன் சாரோடதும்மா.”

“உங்க பேருதானே போட்டிருக்குது?”

“பேரு என்னுதுதான். தபால் வந்தா வாங்கி வைய்யி, நான் வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிக்கினு இருப்பாரு. வாங்கி வெப்பேன். இப்ப அவரே இல்ல. நான் வாங்கி என்ன பண்றது? அதான் வேணான்னுட்டேன்.”

“இல்லன்னா?”

“தவறிட்டாரும்மா. தை மாசம். ஒனக்குத் தெரியாதா?”

துளசி அடுத்த முகவரிக்குப் போனாள். மாவு மில். அங்கேயும் அதே பதில். அதற்கடுத்தது ஒரு சைக்கிள் கடை. அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. ராமராஜன் வீட்டுக்கு மட்டும் வழி கேட்டாள்.

கதவைத் திறந்தது அவருடைய மகள் திரிஷா. இருபத்து நான்கு வயது இருக்கும். ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். துளசி பெயரைச் சொன்னதும் கதவை முழுக்கத் திறந்தாள்.

“நீங்கதான் அந்த புக்கு போடறவங்களா? வாங்க. ஒக்காருங்க.”

உள்ளே ராமராஜனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை.

“நெஞ்சுவலிதான்க்கா. முப்பத்திரண்டு வருஷம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஆண் நர்ஸா இருந்தவரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி,” என்றாள் திரிஷா. அதைப் பலமுறை சொல்லிப் பழகிய குரல்.

துளசி கேட்டாள். “வாசகர் வட்டத்துல மத்தவங்க யாரும்…”

“வட்டம்லாம் இல்லக்கா. அவரு ஒருத்தருதான்.”

வரும் வழியிலேயே துளசிக்கு அது தெரிந்துவிட்டது. கோபம் வரவில்லை. எழுந்து போகவும் தோன்றவில்லை. புத்தகக் காட்சியில் எத்தனை பேரிடம் இந்த வட்டத்தைப் பற்றிச் சொன்னோம் என்றுதான் மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

“ஒரே விலாசத்துல இருவத்திரண்டு கேட்டா நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரிஞ்சவங்க பேரையெல்லாம் எழுதிக் குடுத்தாரு,” என்றாள் திரிஷா. “புக்கு நின்னுடும்னு நீங்க ஏதோ எழுதியிருந்தீங்களாமே.”

“ஆமா. எழுதியிருந்தேன்.”

“நான் சண்டை போட்டேன்க்கா. பென்ஷன்ல வாங்கி யாருக்கு இந்தப் புண்ணியம்னு கேட்டேன். ஞாயித்துக்கெழம ஆனா பையில போட்டுக்கினு கெளம்பிடுவாரு. சலூன்ல வெப்பாரு, பஸ் ஸ்டாண்டுல குடுப்பாரு, கிளினிக்ல ஒக்காந்துக்கினு இருக்கறவங்க கையில திணிப்பாரு. சில பேரு படிப்பாங்க. சில பேரு நோட்டீஸ் பேப்பர் மாதிரி விசிறிக்கினு அங்கயே போட்டுட்டுப் போவாங்க. கடைசி ஒரு வருஷம் முட்டி வலி, ஊருக்குள்ள போய் வாங்கிக்கினு வர்றதோட சரி. அதெல்லாம் அப்படியே கெடக்குது.”

பீரோவைத் திறந்து காட்டினாள். கீழ்த்தட்டில் பிரிக்காத உறைகள் அடுக்கியிருந்தன. துளசியின் கையெழுத்து ஒன்றன்மேல் ஒன்றாக. மேல்தட்டில் தனியாகப் பத்து இதழ்கள், ஓரம் மடங்கி, பலமுறை புரட்டியவை.

“இது அவரு படிச்சது. எடுத்துப் பாருங்க, பரவால்ல.”

துளசி ஆறாம் இதழை எடுத்தாள். பக்க ஓரங்களில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. நங்கை ஒரு படைவீரனின் காலில் கட்டுப் போடும் படத்துக்குப் பக்கத்தில்: ‘கட்டு கீழிருந்து மேலே சுற்ற வேண்டும். இது தலைகீழ்.’ கஷாயம் கொடுக்கும் படத்தில்: ‘படுத்திருப்பவருக்கு இப்படி ஊற்றினால் புரையேறும். தலையைத் தூக்கணும்.’ ஒரு பக்கம் முழுக்க ஒன்றுமில்லை. கீழே மட்டும்: ‘நன்று.’ எட்டாம் இதழில், கொள்ளை நோய் வரும் இடத்தில், நங்கையின் முகத்துக்கு நேரே ஒரு கோடு இழுத்து எழுதியிருந்தார்: ‘இரண்டு நாளாகத் தூங்காதவள். கண்ணில் தெரியவில்லை.’

துளசி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை வரைந்தபோது அவளும்தான் சரியாகத் தூங்கவில்லை. அச்சகத்துக்கு நாள் ஆகிவிட்டது என்று முந்தின இதழின் முகத்தையே கொஞ்சம் திருப்பி ஒட்டியிருந்தாள். வேறு ஒருவர்கூட அதைக் கண்டுபிடித்துச் சொன்னதில்லை.

“இதையெல்லாம் எனக்கு ஒரு வாட்டி கூட அனுப்பலையே,” என்றாள்.

“நானும் கேட்டேன். பாவம், அந்தம்மா தனியா கெடந்து போராடுது, நாம வேற தப்பு சொன்னா வுட்டுடுவாங்கன்னாரு.”

திரிஷா காபி போட்டுக் கொண்டுவந்தாள். இருவரும் குடித்தார்கள். கிளம்பும்போது, பிரிக்காத உறைகளை எடுத்துப் போகிறேன் என்றாள் துளசி. திரிஷா இரண்டு சாக்குப் பை தந்தாள். பென்சில் குறிப்பு எழுதிய பத்தை மட்டும் தர மனமில்லை என்றாள். “வேணும்னா போட்டோ எடுத்துக்கோங்க.” துளசி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. திரிஷா பக்கங்களைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மணிவண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப நாம இருநூறை ஒருநாளும் தாண்டல,” என்றார் அவர்.

“இல்ல சார்.”

“நாலோட நிறுத்தியிருக்கணும். நாம சொன்னபடி.”

“ஆமா சார்.”

“எனக்கும் முடியல துளசி. பேப்பர் திருத்தறது, எலெக்ஷன் டியூட்டி, இதுல இது வேற. ஒனக்கு மட்டும் என்ன, கை ரேகையே தேஞ்சிருக்கும்.” பிறகு கேட்டார். “வுட்டுடலாமா?”

துளசிக்கு ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. “கதை எத்தினில முடியுது சார்?” என்று கேட்டாள்.

“பதினாலு.”

“இன்னும் மூணு. முடிச்சிட்டு வுட்டுடலாம். பாதியில நின்னா அந்த நூத்தி எண்பத்திரண்டு பேருக்கு என்ன பதில் சொல்றது?”

“அதுல எத்தினி பேரு நெசம்மா படிக்கறாங்களோ.”

“அத நான் இனிமே போய்ப் பாக்கப் போறதில்ல சார்.”

பன்னிரண்டாம் இதழ் ஏற்கெனவே வரைந்து முடிந்து, அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. துளசி அதிலிருந்து ஐந்து பக்கங்களைத் தனியே எடுத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் வசந்தின் காலை ஸ்டூல்மேல் தூக்கிவைத்து, பழைய வேட்டித் துணியைப் பாதத்திலிருந்து முட்டிவரை சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டே காலைக் கொடுத்திருந்தார். அந்த ஐந்து பக்கத்தையும் மறுபடி வரைய மூன்று வாரம் பிடித்தது. நங்கையின் கண்களைத்தான் அதிக தடவை அழித்தாள்.

பின்பக்கத்தில் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது ராமராஜனைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தாள். கடைசியில் மூன்று வரி வந்தது. ‘நம் இதழின் வாசகர் ஏனாத்தூர் ராமராஜன் மறைந்தார். இந்த இதழில் மருத்துவம் சரியாக இருந்தால் அவர் சொல்லித்தான். கதை பதினான்காம் இதழுடன் முடிகிறது.’

நூற்று எண்பத்திரண்டு பிரதிகளும், திரிஷாவுக்கு ஒன்றும் தபாலில் போயின. ஆறு பேர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் போன் செய்து, பதினான்கோடு ஏன் முடிக்கிறீர்கள், இப்போதுதான் சூடு பிடிக்கிறது என்று கோபித்துக்கொண்டார். திரிஷாவிடமிருந்து பதில் இல்லை. துளசியும் கேட்கவில்லை. வீட்டில் இருந்த சாக்குப் பைகளிலிருந்து ஒரு கட்டை எடுத்துப் போய்க் கடையில், பத்திரிகை மாதிரிகள் வைத்திருக்கும் மேசையின் ஓரத்தில் வைத்தாள். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பத்திரிகைக்கு நிறம் தேர்ந்தெடுத்துச் சண்டை போடும் நேரத்தில், கூட வந்த பிள்ளைகள் எடுத்துப் புரட்டின. சிலது போகும்போது கையோடு எடுத்துப் போயின. அவள் தடுக்கவில்லை.

ஆனியில் மணிவண்ணன் பதின்மூன்றாம் இதழின் கதையை அனுப்பினார். முதல் பக்கத்திலேயே வெள்ளம். ஆற்றங்கரையில் நாற்பது பேர்.

துளசி போன் செய்தாள். “நாப்பது பேரா சார்? கை வலிக்குது.”

“மூணு ஆத்துத் தண்ணி வருதும்மா, ஊரே ஓடும். வேணும்னா முதுகு காட்டி நிக்க வெச்சிடு. மூஞ்சி வரைய வேணாம்.”

அவள் தாளில் பென்சிலால் கட்டங்கள் பிரித்தாள்.

“இல்ல சார். மூஞ்சியோடவே வரையறேன். நாள் ஆவும், அவ்ளோதான்.”