ஒரு வாசலுக்கு ஒரு கை

"பாப்பா, பத்து மணி ஆச்சு. கோடு போட்டியா?"

"போட்டுட்டேன் அண்ணி. நேத்தைக்கு இன்னிக்கு வெயில் ஒரு நூல் தள்ளி விழுது."

பாப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது. அண்ணி அவளுக்கு ஆறு வயது மூத்தவள், தெருவுக்குத் தையல்காரம்மா. இருவரையும் உறவாக்கிய மனிதர், பாப்பாவின் அண்ணன், இறந்து பதினெட்டு வருடமாகிறது. அன்றும் பாப்பா வெட்டினாள், அண்ணி தைத்தாள். இன்றும் அப்படித்தான். பகலில் துணி வெட்டும் மேசைக்கு அடியில்தான் இரவில் பாப்பாவின் படுக்கை.

எதிர்ப்புறத்து மரக்கடை மூடிக் கிடந்தது. நகராட்சி வரைபடத்தில் அது கடைக்கும் கிடங்குக்கும் மட்டுமான நிலம். அதைக் குடியிருப்பு நிலமாக மாற்றி ஆறு மாடி கட்ட ஒரு நிறுவனம் மனுக் கொடுத்திருந்தது. ஆறு மாடி எழுந்தால் தையலறை ஜன்னலுக்கு வெயில் கிடையாது.

"கறுப்புத் துணியில கறுப்பு நூல்ல பட்டனுக்குக் காஜா எடுக்கணும்னா எனக்குச் சூரியன்தான் வேணும். லைட்டு போட்டா நான் துணியைத் தைக்கிறேனா விரலைத் தைக்கிறேனான்னே தெரியல" என்பாள் அண்ணி.

நகராட்சிக்குக் காட்டுவதற்காக ஒரு வாரமாக, மணிக்கு மணி, வெயில் தரையில் எதுவரை வருகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு. அண்ணிக்கு முழங்கால் மடங்காது. பாப்பாதான் மண்டியிட்டுப் போட்டாள். சனிக்கிழமை அத்தனையையும் பழுப்புக் காகிதத்தில் நகலெடுத்தாள்.

ஞாயிறு மாலை பள்ளிக்கூட வகுப்பறையில் தெருச் சங்கத்தின் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரியவர்கள், முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். நகராட்சியிலிருந்து வந்திருந்த அதிகாரி அம்மாள், "வரைபடம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அண்ணி காகிதச் சுருளை உருட்டிவிட்டாள். அது பெஞ்சுகளுக்கு அடியில் ஓடி, கரும்பலகைச் சுவரில் முட்டி நின்றது.

"என்னம்மா இது!"

"எங்க அறைத் தரை."

"சின்னதா வரைஞ்சு எடுத்துட்டு வரக் கூடாதா?"

"சட்டையைச் சின்னதா வெட்டினா யாரு போட்டுக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள், காலைத் தூக்கிக்கொண்டு. பேக்கரிக்காரர் மட்டும், "ஆறு மாடி வந்தா எனக்கு ரொட்டி விக்கும், எனக்கு அது போதும்" என்றார். அதிகாரி குனிந்து கோடு கோடாகப் பார்த்தாள். "இவ்வளவு துல்லியமா யாரு அளந்தது?"

"எங்க பாப்பா" என்றாள் அண்ணி, தானே அளந்ததுபோல.

சங்கத் தலைவர் எழுந்தார். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். "நம்ம தெருவுல இந்தக் கட்டடம் யாருக்கு வேணும்? எல்லாம் வெளியாளுங்களுக்குத்தான்!"

"அப்படிச் சொல்ல முடியாது" என்று அதிகாரி ஒரு தாளைப் புரட்டினாள். "அதுல வீடு வேணும்னு பதிவு பண்ணினவங்கள்ல மூணு பேரு இந்தத் தெரு. கதவு எண் நாலு, ஒன்பது, பதினொண்ணு."

பதினொன்று அவர்கள் வீடு. அண்ணி பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா காகிதத்தின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"ஆமா."

"எப்போ?"

"போன மாசம்."

"அப்ப இந்த ஒரு வாரமா கோடு போட்டியே, எல்லாம் தெரிஞ்சுதானா?"

"தெரிஞ்சுதான்."

"ரெண்டு விரல் ஜன்னல் பக்கமா தள்ளிப் போட்டிருந்தா, போறது கொஞ்சம் வெயில்தானேன்னு கட்ட விட்டிருப்பாங்களே. ஏன் சரியாப் போட்ட?"

"வெயில் விழற எடத்துலதானே அண்ணி கோடு போட முடியும்?"

"என்னை விட்டுட்டுப் போறியா?" என்றாள் அண்ணி.

"எதிர்லதான் வரப்போறேன். காலையில கத்தரிக்கோலோட வந்துடுவேன். எனக்குன்னு ஒரு கதவு வேணும், அவ்வளவுதான். தட்டினா நான் போய்த் திறக்கிற கதவு."

"அந்தக் கதவுதான் என் வெயிலைத் தின்னப் போகுது."

"தெரியும்."

தலைவர் கையைத் தட்டினார். சங்கத்தில் எப்போதும் ஒரு வாசலுக்கு ஒரு கைதான். பதினோராம் எண்ணின் கை என்றைக்கும் அண்ணியின் கை. "கட்டடம் வேண்டாம்கிறவங்க கையைத் தூக்குங்க!"

கைகள் எழுந்தன. பாப்பா தலை நிமிரவில்லை. அண்ணியின் கை மடியிலேயே இருந்தது.

"என்ன தையல்காரம்மா, தூங்கிட்டீங்களா? கூட்டத்தைக் கூட்டச் சொன்னதே நீங்கதானே!"

"தூங்கல. எங்க வீட்டுல ரெண்டு கை இருக்கு."

"ஒரு வாசலுக்கு ஒரு கைதாம்மா வழக்கம்."

"அதான் யோசிக்கிறேன். பதினெட்டு வருஷமா இவ கையையும் நானே தூக்கியிருக்கேன். என்ன வேணும்னு ஒரு தடவைகூட கேட்டதில்ல."

"அது உங்க சங்கத்து வழக்கம்" என்றாள் அதிகாரி. "எனக்குக் கருத்து எழுத ஆளுக்கு ஒரு படிவம்."

பின்பெஞ்சிலிருந்து பேக்கரிக்காரரின் மனைவி, "அப்ப எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றாள். பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எதுக்கு? நான்தான் சொல்லிட்டேனே." "நீங்க சொன்னதாலதான்."

அண்ணி 'வேண்டாம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவைப் பாப்பாவிடம் நீட்டினாள். "நீ எழுதறதை நான் பார்க்க மாட்டேன்."

"பாருங்க. ஒளிக்க என்ன இருக்கு?"

முடிவு அடுத்த மாதம் என்றாள் அதிகாரி. அதுவரை கோடு போட்டு வரச் சொன்னாள், அடுத்த தடவை சின்னத் தாளில்.

மறுநாள் பத்து மணிக்குப் பாப்பா சாக்பீஸோடு மண்டியிட்டாள். அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"எத்தனாவது மாடி கேட்டிருக்க?"

"மூணாவது. ஜன்னல் இந்தப் பக்கம்."

"நான் கட்ட விடமாட்டேன், பார்த்துக்கோ."

"சரி. காலைக் கொஞ்சம் நகர்த்துங்க அண்ணி, கோட்டு மேல நிக்கறீங்க."