இரண்டு பொட்டலம் அரளி

கன்னியம்மாவின் புருஷன் வரதனுக்குப் பயம் வந்தால் வாய் கூடுதலாக வேலை செய்யும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த இரும்பு ஆலையிலிருந்து, திங்கட்கிழமை வந்து வேலையில் சேர்ந்துகொள் என்று சொல்லியனுப்பிய நாள் முதல் அவன் ஓயாமல் பேசினான்.

"போவணும்தான். எனக்கு இன்னா, ஆச இல்லியா? ஆனா யோசிக்கணும்மே."

யோசிக்க விஷயம் இருந்தது, இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆரம்பாக்கத்தில் அவன் அப்பன், பாட்டன் எல்லாருமே சுப்பராயன் வீட்டு நிலத்தில் சேறு மிதித்தவர்கள். "ஆலைக்குப் போறதுன்னா போ. அப்புறம் என் வயல்ல உன் காலும் படக்கூடாது, உன் பொண்டாட்டி காலும் படக்கூடாது" என்று சுப்பராயன் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொல்லியிருந்தார். ஆலை கைவிட்டால் நடுத்தெருதான்.

கன்னியம்மாவுக்கோ அந்த நடுத்தெருவே தேவலை என்றிருந்தது. வரப்பில் நிற்கிற மனிதர் போதும் என்கிறவரை குனிந்த முதுகை நிமிர்த்தக்கூடாது. காய்ச்சலில் படுத்தாலும் வாசலில் வந்து ஆள் கத்தும். மகள் பூங்காவனமும் இந்தச் சேற்றிலேயே கூன் போட வேண்டுமா என்று நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும்.

கடைசியில் வரதனே ஒரு வழி சொன்னான். "பூ கட்டிப் பாத்துரலாம். ஆத்தா இன்னா சொல்றாளோ அதான்."

ஊர் வழக்கம் அது. வெள்ளை அரளியை ஓர் இலையிலும் செவ்வரளியை இன்னோர் இலையிலும் வைத்து, ஒரே மாதிரி கட்டி, கங்கையம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. கல்யாணமோ கிணறு வெட்டோ, அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் வரதன் பொட்டலங்களைக் கட்டி மாடத்தில் வைத்துவிட்டு ஏரிக்குக் குளிக்கப் போனான். கன்னியம்மா வாசல் பெருக்க வந்தாள். வீட்டோரம் இரண்டு அரளிச் செடிகள். சிவப்புச் செடியில் பூ கிள்ளியிருந்தது. வெள்ளைச் செடியோ நேற்று மாலை எப்படிப் பூத்து நின்றதோ அப்படியே நின்றது, ஒரு காம்பு கூட ஒடியவில்லை.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள், சிவப்பு. மற்றதைப் பிரித்தாள், அதுவும் சிவப்பு.

அடப் பாவி மனுஷா! பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ஆத்தா தலையில் பழியைப் போடப் பார்த்திருக்கிறான். கன்னியம்மாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. போய் வெள்ளைப் பூவாக இரண்டு கொத்து ஒடித்து வந்தாள். இரண்டு இலையிலும் வெள்ளையைப் போட்டுக் கட்டிவிட்டால் தீர்ந்தது வேலை. அவனால் வாயே திறக்க முடியாது. திறந்தால் அவன் குட்டுதான் உடையும்.

ஒரு பொட்டலத்தில் வெள்ளையை வைத்தாள். இரண்டாவதற்குக் கை போகவில்லை. அவன் ஆத்தா வாயை அடைத்தான், நான் மட்டும் என்ன செய்கிறேன்? கேள்வியையும் கேட்டுவிட்டுப் பதிலையும் நானே சொல்லிக்கொள்வதென்றால் கோயில் எதற்கு? அழுகை வந்தது. சிவப்பு வந்தால் என்ன ஆகும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் கையிலிருந்த வெள்ளையைக் கீழே போட்டாள். சிவப்பையே எடுத்து இரண்டாவது இலையில் வைத்துக் கட்டினாள். இரண்டையும் மடியில் போட்டு, எது எதுவென்று தனக்கே தெரியாமல் போகும்வரை குலுக்கினாள்.

"தாயே, செவப்பு வந்தா நாளைக்கே நடவுக்கு எறங்கறேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். நீயா பாத்துச் சொல்லு."

பொட்டலங்கள் மாடத்துக்குத் திரும்பின.

கோயிலில் வரதன் புது மாப்பிள்ளை மாதிரி நின்றான். "எனக்குப் போவணும்னுதான் ஆச" என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். சுப்பராயனும் வந்திருந்தார். பூசாரி ஆதிகேசவன் கற்பூரம் காட்டிவிட்டுக் கண்ணை மூடினார். அவர் கை ஒரு பொட்டலத்தைத் தொட்டது, விட்டது, மற்றதை எடுத்தது.

பிரித்தார். வெள்ளை.

வரதன் முகத்தில் ஈயாடவில்லை. "பூசாரி, அந்த இன்னொண்ணையும் பிரி" என்றான். பிரித்தால் சிவப்பு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவன் தடாலென்று தரையில் விழுந்தான். அவனைப் பொறுத்தவரை ஆத்தா பூவின் நிறத்தையே மாற்றிவிட்டாள் அல்லவா? எழுந்து சுப்பராயனைப் பார்த்துப் பேசியபோது அவன் குரலில் நடுக்கம் இருந்தது, வார்த்தையில் இல்லை.

"நைனா, திங்கக்கெழமையிலேர்ந்து நான் வயலுக்கு வரமாட்டேன். ஆத்தா சொல்லிட்டா."

சுப்பராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவரும் அதே ஆத்தாளைக் கும்பிடுகிறவர்தான், என்ன சொல்ல முடியும்?

ஆலையில் முதல் மாதம் உலைக்கு எதிரே நின்றால் வரதனுக்குக் கால் உதறும். ஆத்தா பேரைச் சொல்லிக்கொண்டே நிற்பான். நிற்க நிற்கப் பயம் விட்டது. பொங்கலுக்குள் இரும்பின் பதம் பார்க்க அவனைத்தான் கூப்பிட்டார்கள். கன்னியம்மாவும் ஆலைக் கட்டட வேலையில் சேர்ந்துவிட்டாள். பூங்காவனம் பள்ளிக்கூடம் போனாள். காக்கிச் சட்டையும் தூக்குச்சட்டியுமாக வரதன் சுப்பராயன் வீட்டைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடப்பதைக் கன்னியம்மா வாசலில் நின்று பார்ப்பாள். பெருமை தாங்காது. அதை அவள் மறைக்கவும் மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே வரதன் சொன்னான். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மே. அன்னிக்கு ரெண்டுலயும் செவப்புதான் வெச்சேன். பயந்துகினேன். ஆத்தாதான் ஒண்ண வெள்ளையாக்கிட்டா."

"ஆத்தா இல்லய்யா. மாத்தனது நானு."

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "ஒண்ண மட்டுமா?"

"ஒண்ணதான்."

"செவப்பு வந்திருந்தா?"

"இந்நேரம் அவுரு வயல்ல களை பறிச்சிக்கினு இருப்பேன்."

"ஒண்ணும் பேசாம?"

"ஒண்ணும் பேசாம."

வரதன் அவளையே பார்த்தான். "அப்ப வெள்ளைய எடுத்துக் குடுத்தது யாரு?"

"நான் மடியில போட்டுக் குலுக்கிட்டேன். எது எதுன்னு எனக்கே தெரியாது."

வரதன் எழுந்து போய்க் கையைக் கழுவினான். கோயில் இருக்கும் திக்கைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அன்றைக்குப் பயத்தில் விழுந்தவன், இன்றைக்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே விழுந்தான். கன்னியம்மாவும் சிரித்தபடி அவன் பக்கத்தில் விழுந்து கும்பிட்டாள்.