வீட்டில் ஒன்றும் போடுவதில்லை

பத்தொன்பது வருடமாக ஒரே பொய்யைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கட்டிலில் படுக்க வைத்து, தலைமுடியைத் துண்டால் சுற்றி, முகத்துக்கு நேராக விளக்கை இழுத்து, "வீட்டுல முகத்துக்கு ஏதாவது போடுறீங்களா?" என்று கேட்பேன். "ஒண்ணும் போடுறதில்லையே" என்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் அந்த முகமே அவர்களைப் போட்டுக் கொடுத்துவிடும். மூக்கோரத்தில் தோல் வெங்காயச் சருகாக மெலிந்திருக்கும். கன்னத்தில் சிவப்பாக நரம்பு ஓடும். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த வெள்ளையாக்கும் க்ரீம், எலுமிச்சைச் சாறு, பற்பசை, எல்லாம் அங்கே எழுதியிருக்கும். பருவின் மேல் வைத்த பற்பசை காயாமல் இருக்கும்போதே என்னிடம் ஒன்றுமில்லை என்று சொன்ன டீச்சர் ஒருவர் உண்டு. நான் விடமாட்டேன். "பொய் சொன்னா எரியப்போறது என் முகம் இல்ல" என்பேன். எங்கள் ஸ்பாவில் எனக்கு வாய் நீளம் என்று பெயர். கை நல்ல கை என்றும் பெயர். கைக்காக வாயைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

அந்தக் கைக்குத்தான் கேடு வந்தது.

நான்கு மாதத்துக்கு முன் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் சின்னதாகத் தொடங்கியது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுகிற தொழில் இது. ஒவ்வொரு முகத்துக்கும் முன்னும் பின்னும் கழுவ வேண்டும், ஸ்க்ரப் தேய்த்ததும் கழுவ வேண்டும், மாஸ்க் கலக்கியதும் கழுவ வேண்டும். முகம் கழுவினால் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள், வெயிலில் போகுமுன் சன்ஸ்கிரீன் போடுங்கள், புதிதாக எது வாங்கினாலும் முதலில் காதுக்குப் பின்னால் போட்டுப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள், என் கைக்கு ஒரு சொட்டுத் தடவியதில்லை. வழவழவென்ற கையோடு அடுத்த முகத்தைத் தொட முடியாது என்பது என் சாக்கு.

விரலிடுக்கு வெடித்தது. பிறகு புறங்கை தடித்தது. அதற்குப் பிறகு அரிப்பு. மாஸ்க் போட்டு இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் பக்கத்தில், மெல்லிய இசையும் ஊதுவத்தி வாசனையுமாக இருக்கிற அறையில், நான் கதவு நிலையில் புறங்கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் நடக்கத் தோன்றும். மடித்து வைத்த துண்டை உதறி மறுபடி மடிப்பேன். "அக்கா, அந்தத் துண்டு என்னக்கா பாவம் பண்ணுச்சு?" என்பாள் கூட வேலை பார்க்கும் பெண். ஓயாத வாய், அதனால் நான் வைத்த பெயர் லொடலொட.

கடைசியில் அந்தப் பற்பசை டீச்சரே சொல்லிவிட்டார். கண்ணைத் திறக்காமல், "என்னம்மா, உன் கை சொரசொரன்னு இருக்கு" என்றார். அன்று சாயங்காலமே எங்கள் மேடம் என்னைக் கூப்பிட்டார். ஸ்பா அவருடையது. கெட்டவர் இல்லை. கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார். பாத்திரம் தேய்க்கிற கையால் முகத்தைத் தடவுகிற மாதிரி இருக்கிறதென்று மூன்று பேர் புகார் சொன்னார்கள்.

"மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா உன்னை ரிசப்ஷனுக்கு மாத்திடுறேன். நான் வேற என்ன பண்ண?" என்றார் மேடம்.

ரிசப்ஷனில் சிரித்துக்கொண்டே போனை எடுக்க வேண்டும். என் வாய்க்கு ஒரு வாரத்தில் கடையைக் காலி பண்ணிவிடுவேன். அது போகட்டும். கையை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. இரவும் பகலும் எனக்கு அந்த ஒரே பயம்தான்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் மட்டும் "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று இரண்டு வார்த்தை பேசுவார். வீட்டில் அந்த இரண்டும் கிடையாது. கை வெடித்த முதல் வாரத்திலேயே, மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கி வந்தார். கிரீஸ் போக மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து, "கையக் குடு" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவராக என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பத்து நிமிடம். ஒவ்வொரு விரலாக, நட்டு முடுக்குகிற நிதானத்தோடு தேய்ப்பார். தேய்க்கும்போது அவருக்கு வாய் திறக்கும். ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கட்டடத்து லிஃப்ட் யாரும் கூப்பிடாமலே மூன்றாவது மாடியில் போய் நிற்கிறது என்பார். எல்லா ஒயரையும் பார்த்தாயிற்று, காரணம் பிடிபடவில்லை என்பார். விடுதியில் படிக்கும் எங்கள் மகள் என்னிடம் மறைத்து அவரிடம் மட்டும் சொன்ன மார்க்கு எவ்வளவு என்பார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முகத்தைத் தொடுகிறவளை யாரும் தொடுவதில்லை என்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன? "இந்தக் கட்டை விரலை விட்டுட்டீங்க" என்று அதட்டத்தான் செய்தேன்.

களிம்பு போட்டதும் குளுகுளுவென்றிருக்கும். காலையில் தடிப்பு இன்னும் கூடியிருக்கும். நாங்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போட்டோம்.

மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை நான் மட்டும் தோல் டாக்டரிடம் போனேன். என்னைவிட வயதில் சின்ன பெண். விளக்கை இழுத்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுல கைக்கு ஏதாவது போடுறீங்களா?"

"ஒண்ணும் போடுறதில்லையே" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. திருத்தியிருக்கலாம். நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று பயம். போடுகிறதை எல்லாம் முதலில் நிறுத்து என்றுதானே நானும் எல்லோரிடமும் சொல்கிறேன். அதனால் திருத்தவில்லை.

முதுகில் வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை, இருபது சின்னக் கட்டங்கள் உள்ள பிளாஸ்திரியை ஒட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு பொருள். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அந்த இடம் சிவக்கும். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வேர்க்கக்கூடாது, சொறியவே கூடாது. புதன்கிழமை பிரித்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை மறுபடி பார்க்க வேண்டும். மேஜையில் இருந்த பட்டியலைத் தலைகீழாகவே படித்தேன். ஒன்பதாவது கட்டம் வாசனைக் கலவை.

"ஒன்பது சிவந்தா?" என்றேன்.

"உங்க வேலையில வாசனை இல்லாத பொருளே கிடையாதே. வேற வேலைதான் பாக்கணும்" என்றார், மழை வரும் என்று சொல்வதைப் போலச் சாதாரணமாக.

அந்த இரண்டு நாளும் நான் மனுஷியாகவே இல்லை. குனிந்தால் பிளாஸ்திரி இழுக்கும். ஆவி மெஷினைப் போட்டால் வேர்க்குமென்று பயம். ரோஜாத் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தால் முதுகில் ஒன்பதாவது கட்டம் அரிக்கிறதா என்று யோசனை. லொடலொட பின்னாலேயே வந்து, "அக்கா, நான் வேணா லேசா ஊதி விடட்டுமா?" என்று கேட்டாள். திட்டினேன். அவள் போன பிறகு, ஊதச் சொல்லியிருக்கலாமே என்றிருந்தது. வீட்டில் ஒரு முனை பிரிந்து வந்தபோது இவர் பையைத் துழாவி, "ஒயர் ஒட்டுற டேப் இருக்கு, ஒட்டவா?" என்று நிஜமாகவே கேட்டார். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

புதன்கிழமை பிரித்தார்கள். தெளிவாக ஒன்றும் தெரியவில்லை, சிலது தாமதமாகத்தான் வரும் என்றார் டாக்டர். பேனாவால் கட்டம் வரைந்து அனுப்பினார். வியாழக்கிழமை சாயங்காலம் முதுகில் ஒரே ஒரு இடம் நெருப்பாக அரித்தது. இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கழுத்துதான் சுளுக்கியது. இவரைப் பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணு சிவந்திருக்கு. வரிசையில நாலாவது."

"எந்த வரிசையில?"

ரொம்ப நேரம் பார்த்தார். "பேனா அழிஞ்சிருக்கு. ரெண்டா, மூணான்னு தெரியலை."

இரண்டாவது வரிசையில் நாலாவது என்றால் ஒன்பது. சட்டையை இழுத்துவிட்டு எழுந்து போய்ச் சமையலறையைத் துடைத்தேன். துடைத்த மேடையையே மறுபடி துடைத்தேன். இவர் வாசலில் வந்து நின்று, "நாளைக்கு அரை நாள் லீவு போட்டுட்டேன். நானும் வர்றேன்" என்றார். துணியைப் பிழிந்து போட்டேன். அப்புறம் மேஜைக்கு வந்து கையை நீட்டினேன். அன்று டியூபை வால் பக்கத்திலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த அறையில் டாக்டர் என்னைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, முதுகுக்கு நேராக விளக்கை இழுத்தார். விளக்குக்கு அடியில் படுத்திருப்பவர்களுக்கு என்ன தோன்றும் என்று பத்தொன்பது வருடத்தில் நான் யோசித்ததே இல்லை. தரையில் ஒரு குண்டூசி கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதினாலு" என்றார்.

"ஒன்பது?"

"ஒன்பது சுத்தமா இருக்கு. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டையைச் சரி செய்துகொண்டு நாற்காலியில் வந்து உட்காரும்வரை வந்துகொண்டே இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த இவர் எங்கே கை வைப்பதென்று தெரியாமல் என் பையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் பட்டியலில் விரலை வைத்தார். "பதினாலுங்கிறது புண்ணுக்குப் போடுற களிம்புகள்ல இருக்கிற ஒரு மருந்து. சிலருக்கு ஒத்துக்காது. முதல்ல தண்ணியாலயும் சோப்பாலயும் கை வெடிச்சிருக்கும். அது தானா ஆறியிருக்கும். இதைப் போட்டுக்கிட்டே இருந்தா ஆறாது. திங்கட்கிழமை ஒண்ணும் போடலைன்னு சொன்னீங்களே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல ஏதாவது போடுறீங்களா?"

இவர் பக்கம் திரும்பக்கூடாது என்று சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய கையை எப்படிக் காட்டிக் கொடுப்பேன்?

"இல்லைங்க. ஒண்ணும் போடுறதில்லை."

இவர் சட்டைப் பையில் கையை விட்டார். வால்வரை சுருட்டிய டியூபை எடுத்து மேஜையில் வைத்தார். திரும்பும்போது அதே பெயரைக் காட்டிப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று எடுத்து வந்திருக்கிறார்.

"நான்தாங்க போடுறேன். நாலு மாசமா. ஒரு நாள்கூட விட்டதில்லை" என்றார்.

டாக்டர் டியூபின் பின்பக்க எழுத்தைப் படித்தார். தலையை ஆட்டினார். "நல்லதுன்னு நினைச்சுத்தான் எல்லாரும் போடுறாங்க" என்றார், கோபமில்லாமல். டியூபைக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு எனக்கே பாடம் நடத்தினார்: கை கழுவினால் ஈரம் காய்வதற்குள் தடவுங்கள், வாசனை இல்லாததாகத் தடவுங்கள், புதிதாக எதையும் சோதிக்காமல் போடாதீர்கள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும், மேடத்திடம் காட்டக் கடிதம் தருகிறேன் என்றார். அவர் எழுதிக் கொடுத்த மருந்து கடையில் இல்லை, நாளைக்குத்தான் வருமாம்.

வழி முழுக்க இவர் எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தார். அரை நாள் லீவுதான் என்று அப்படியே வேலைக்குப் போய்விட்டார். நான் மேடத்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மூன்று வாரம்தானே, பொறுத்துக்கொள்கிறேன் என்றார். கை தப்பித்துவிட்டது. ஆனாலும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.

சாயங்காலம் வந்தார். வழக்கம்போல மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். கழுவி முடித்த பிறகுதான் நினைவு வந்தது போல. துண்டில் துடைத்துக்கொண்டே அங்கேயே நின்றார். பிறகு மேஜைக்கு வராமல் ஜன்னலோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"நானே தேச்சுத் தேச்சுக் கெடுத்திருக்கேன்" என்றார்.

"கெடுத்தது நான். திங்கட்கிழமையே வாயத் திறந்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்" என்றேன், சண்டைக்குப் போகிற குரலில். எனக்கு வேறு குரல் கிடையாது.

"ஏன் சொல்லலை? ஊர்ல எல்லாரையும் நீ இதுக்குத்தானே திட்டுவ?"

வாய் நீளக்காரி, கிடந்த துண்டை எடுத்து உதறி மடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தச் சொல்லிடுவாங்கன்னு பயம்."

"களிம்பையா?"

"உங்களை" என்றேன்.

அவர் எழுந்து வந்து, மேஜையில் எதிரே உட்கார்ந்தார்.

"கையக் குடு."

"போடுறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"தெரியும். குடு."

கொடுத்தேன். தேய்க்கவில்லை. வெடித்த இடத்தில் படாமல் விரலை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார். எனக்கு அரித்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த மூன்றாவது மாடி லிஃப்ட் என்ன ஆயிற்று என்று கேட்டேன், அவர் சொல்ல ஆரம்பித்தார்.