எதிர்வீடும் சேர்த்துத்தான் விலை

நாச்சிமுத்து வாங்கிய வீட்டு வண்டிக்குப் பின்னால் ஒரு தெரு வந்துகொண்டிருந்தது. பெரிய தெரு இல்லை. ஒரு வீடு, ஒரு மின்கம்பம், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு நாய், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் தாண்டவன் என்கிற வரி அலுவலர். அவ்வளவுதான். அவ்வளவையும் இழுக்க டீசல் போட்டது நாச்சிமுத்து.

வண்டி விற்ற இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. மெத்தை உண்டு, அடுப்பு உண்டு, கக்கூஸ் உண்டு, கூரையில் சோலார் உண்டு என்று விரல் மடக்கிச் சொன்னார்கள். தெரு உண்டு என்று சொல்லவில்லை. வாங்குகிறவன்தான் கேட்டிருக்க வேண்டுமாம். வண்டி வாங்கப் போன இடத்தில் தெரு வருமா என்று எந்த மனுஷன் கேட்பான்?

எல்லாம் அவர் மனைவி சிவகாமியின் தூக்கத்துக்காகச் செய்தது.

சிவகாமிக்குச் சொந்த வீட்டைத் தவிர வேறெங்கும் தூக்கம் வராது. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட வெளியில் கண்ணயர்ந்ததில்லை. மகள் கல்யாணத்துக்கு மண்டபத்தில் தங்கியபோது விடிய விடிய நாற்காலி எண்ணினாள். அதனால் அவள் கடலைப் பார்த்ததில்லை. கோயம்புத்தூரிலிருந்து போன அன்றே திரும்ப முடியாத தூரத்தில்தான், அவள் கணக்கில், எல்லாக் கடலும் இருந்தது.

“தூங்கி எந்திரிச்சுக் கண்ணத் தொறந்தா கடல் தெரியோணும். ஒருக்கா போதுமுங்க எனக்கு” என்றாள், அவர் ஓய்வு பெற்ற அன்று. அவர் பம்பு கம்பெனியில் முப்பது வருஷம் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர். மனைவியை வீட்டைவிட்டு நகர்த்த முடியாதென்றால் வீட்டை நகர்த்துவோம் என்று முடிவெடுத்தார்.

வங்கிக்குப் போனார். மேலாளர் கேட்டார். “வீட்டுக் கடனா, வண்டிக் கடனா?”

“வீட்டு வண்டிக் கடனுங்க.”

“கேட்டுட்டு வர்றேன்.”

மேலாளர் வராந்தாவில் நடந்தார். வராந்தா நீண்டுகொண்டே போனது. மூன்று நாள் அவருடைய முதுகு தெரிந்தது. நாலாம் நாள் அதுவும் தெரியவில்லை. நாச்சிமுத்து டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, கணபதியில் பேக்கரி வைத்திருக்கும் மாணிக்கவேலுக்குத் தன் வீட்டை விற்று வண்டியை வாங்கினார்.

சொந்த வீட்டில் மட்டுமே தூங்குகிறவளுக்காகச் சொந்த வீட்டை விற்றவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சிவகாமிக்கும் வரவில்லை. ஆசையாகச் செய்கிற மனுஷனிடம் என்னவென்று சொல்வது?

தப்பு நடந்தது பூஜையன்று.

பால் காய்ச்சினால்தான் அது தன் வீடாகும் என்றாள் சிவகாமி. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்றார்கள் உறவினர்கள். இருந்தது ஒரே ஒரு முகூர்த்தம். நாச்சிமுத்து இரண்டையும் ஒன்றாக நடத்தினார். உள்ளே அடுப்பில் பால் கிழக்கே பார்த்துப் பொங்கியது. வெளியே ஆறு சக்கரமும் ஆறு பழத்தின் மேல் ஏறியது. வண்டி திரும்பியது. பொங்கிக்கொண்டிருந்த பால் வடக்கே பொங்கி மேற்கே போய் அடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

உறவினர் கூட்டத்திலிருந்து ஒருவர் கையில் பதிவேட்டோடு எழுந்து வந்தார். இரண்டு தரம் கேசரி வாங்கிச் சாப்பிட்டவர். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் என்று நாச்சிமுத்து நினைத்திருந்தார். அவர்தான் தாண்டவன்.

“பாலும் பொங்கியாச்சு, பழமும் நசுக்கியாச்சு. இது ஊடுங்களா, வண்டிங்களா?”

“ரெண்டுந்தானுங்க.”

“ஓடறப்ப வண்டி, நிக்கறப்ப ஊடு. அப்படிப் போட்டுக்கறேன். ரெண்டு வரி ஆகும்.”

“கட்டிப்போடலாமுங்க.”

“ஊடுன்னா கதவு நம்பர் வேணும். தெரு இல்லாம நம்பர் போட முடியாது.”

“தெருவுக்கு நான் எங்கீங்க போவேன்?”

“நீங்க போக வேண்டாம். அது வரும்.”

தாண்டவன் பக்கம் புரட்டினார். தெரு என்றால் எதிர்வீடு ஒன்று கட்டாயம். எல்லா வீடும் ஊன்றி நின்றுவிட்டன. புதிதாகக் கைமாறிய வீடு மட்டும் ஆறு மாசத்துக்கு மண்ணில் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருக்குமாம். அந்த வாரம் கைமாறிய வீடு ஒன்றுதான் இருந்தது. அதை நாச்சிமுத்துவுக்கு ஒட்டினார்.

அது நாச்சிமுத்துவின் பழைய வீடு.

அன்றிலிருந்து வண்டி எங்கே நின்றாலும் பழைய வீடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து எதிரில் நின்றது. அதன் பக்கத்தில் மின்கம்பம் நட்டுக்கொண்டது. கம்பத்தடியில் தாண்டவன் மேசையைப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள் மாணிக்கவேல் பல் துலக்கினார். அவர் துலக்குகிற தண்ணீருக்கும் ரசீது இந்தப் பக்கம்தான் வந்தது. தெரு யாருடையதோ, பராமரிப்பும் அவருடையதாம்.

சிவகாமிக்கு வண்டியில் பொட்டுத் தூக்கம் இல்லை. மெத்தையில் உட்கார்ந்து எதிர்வீட்டையே பார்த்தாள். சாமி அறை ஜன்னல், அவள் பூசிய நீலம், அவள் நட்ட கறிவேப்பிலை. மாணிக்கவேல் தங்கமான மனுஷன். “உள்ள வாங்கம்மிணி, ஒரு வா காப்பி குடிச்சிட்டுப் போலாம்” என்று தினமும் கூப்பிட்டார்.

“வித்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேனுங்க” என்றாள் அவள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

நாற்பத்தொரு நாள் தூங்காமல் இருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்தது. சர்க்கரை என்று நினைத்து டீயில் ரவையைப் போட்டாள். நாச்சிமுத்து அதைக் குடித்தார். குடித்துவிட்டு, இனி பொறுப்பதில்லை என்று கடலைப் பார்த்து வண்டியை விட்டார். கடல் சத்தம் கேட்டாலாவது தூங்கிவிட மாட்டாளா என்று ஓர் ஆசை.

சுங்கச்சாவடியில் ஒரு பெண் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “பின்னாடி வர்ற வீடு உங்களோடதா?”

“எதிர் ஊடுங்க.”

“உள்ள ஆள் இருக்காங்களா?”

“ஒருத்தர் இருக்காருங்க. குளிச்சிட்டிருக்காரு.”

“குளிக்கிறவருக்குத் தனி ரசீது. கம்பத்துக்கு நீளத்தைப் பொறுத்து.”

“நாய்க்கு?”

“அது இங்க வேலை பாத்த நாய்தான். விடுங்க.”

நாய் அவளைப் பார்த்து வாலாட்டிவிட்டு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கடல் வந்தது. ராமநாதபுரம் தாண்டி, சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில், திடீரென்று ஊரே இல்லாமல் தண்ணீராக இருந்தது. நாச்சிமுத்து அடுப்பு ஜன்னல் கடலைப் பார்க்கிற மாதிரி வண்டியை நிறுத்தினார். ஓடிப்போய்த் திரையில் கை வைத்தார்.

“அம்மிணி, கண்ண மூடிக்க. நான் சொன்னப்புறம் தொற.”

மூடிக்கொண்டாள். அவர் திரையை விலக்கினார். திறந்தாள். நீலமாகத்தான் இருந்தது. சாமி அறைச் சுவர்.

எதிர்வீடு எதிரில்தானே நிற்கும்? வண்டிக்கும் கடலுக்கும் நடுவில் வசதியாக நின்றிருந்தது. நாச்சிமுத்து வண்டியைத் திருப்பினார். வீடு சுற்றி வந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி வந்தது. மூன்றாம் தரம் வேகமாகத் திருப்பினார். வீட்டுக்குள் பாத்திரம் விழுந்ததே தவிர, வேறொன்றும் நடக்கவில்லை.

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். இருந்த வீட்டை விற்று, சேர்த்ததையெல்லாம் கொட்டி, நானூறு கிலோமீட்டர் வந்து, அவளுக்குக் காட்ட முடிந்தது அவளே சுண்ணாம்பு கலந்து பூசிய சுவர்.

“சத்தம் நல்லாக் கேக்குதுங்க” என்றாள் சிவகாமி. “இது போதும்.”

அதைக் கேட்டதும் அவருக்கு இன்னும் அழுகை வந்தது.

மாணிக்கவேல் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். “ஏனுங்க, சமையக்கட்டு ஜன்னல்ல கடலாட்ட என்னமோ தெரியுதுங்க. அம்மிணி வந்து பாக்கட்டுமே.”

“வாசப்படிய மிதிக்க மாட்டேனுங்க.”

“வாசப்படி எதுக்குங்க? பொடக்காளி வழியா வாங்க.”

சிவகாமி யோசித்தாள். பின்கட்டுக் கதவைப் பற்றி அவள் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மணலில் வீட்டைச் சுற்றிப் போனாள்.

நாச்சிமுத்து வண்டியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கரண்டி ஒன்றை எடுத்து அதன் பழைய ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், “அடேங்கப்பா, இத்தன தண்ணியா!” என்றாள். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாணிக்கவேல் அடிமேல் அடி வைத்து வந்தார். “ஜன்னலுக்குக் கீழயே தலைக்குக் கைய வெச்சுப் படுத்துட்டாங்க.”

“கொறட்டை?”

“உடறாங்க.”

“அப்ப நெசந்தான்.”

“எனக்கு அந்த ஊட்ல ஒரு நாள் தூக்கம் வந்ததில்லீங்க” என்றார் மாணிக்கவேல். வண்டிக்குள் ஏறி மெத்தையில் சாய்ந்தார். சாய்ந்த உடனே அவரும் தூங்கிப்போனார்.

தாண்டவன் மேசையைத் தட்டினார். “இங்க நிக்கக் கூடாதுங்க. கடலோரத்துல ஊடு போடத் தடை. நின்னீங்கன்னா ஊடு.”

“நின்னா என்ன பண்ணுவீங்க?”

“தெருவக் கலைச்சுருவோம். எதிர் ஊடு கோயம்புத்தூருக்கே போயிரும்.”

“உள்ள அவ இருக்காளுங்க.”

“அவங்களோடதான் போகும்.”

நாச்சிமுத்து கைகூப்பினார். “எந்திரிக்கற வரைக்கும் உடுங்க சாமி. எந்திரிச்சுக் கண்ணத் தொறந்தாக் கடல் இருக்கோணும். அதுக்குத்தான் இவ்வளவும்.”

“எத்தன நாளாத் தூங்கலீங்க?”

“நாப்பத்தொரு நாளுங்க.”

தாண்டவன் பதிவேட்டின் ஓரத்தில் பெருக்கிக் கழித்துப் பார்த்தார். “அப்ப எந்திரிக்க வெள்ளிக்கெழம ஆயிருமுங்க.”

“நகர்ந்துட்டே இருந்தா?”

“நகர்ந்தா வண்டி. எதிர் ஊடும் கூடவே நகரும், அதனால அதும் ஊடில்ல.”

“எத்தன அடி நகரோணும்?”

தாண்டவன் முன்னும் பின்னும் புரட்டினார். “அடி ஒண்ணும் போடலீங்க” என்றார்.

நாச்சிமுத்து இறங்கினார். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். ரிவர்ஸ் போட்டால் பாட்டுப் பாடும் பெட்டியைக் கண்டுபிடித்து அதன் ஒயரை வெட்டினார். முப்பது வருஷம் ஒயரோடு இருந்த கை. வெட்டிய சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து முதல் கியர் போட்டார்.

வண்டி மெதுவாக ஐந்தடி முன்னால் போனது. எதிர்வீடும் ஐந்தடி போனது. ரிவர்ஸ் போட்டார். வண்டி ஐந்தடி பின்னால் வந்தது. எதிர்வீடும் வந்தது. முன்னால் ஐந்தடி, பின்னால் ஐந்தடி. வீடு தூளி மாதிரி ஆடியது. கறிவேப்பிலை ஆடியது. கம்பமும் மேசையும் ஆடின. தாண்டவன் பதிவேட்டின் மேல் தலையை வைத்து, வாயைத் திறந்தபடி தூங்கினார். நாய் எப்போதோ தூங்கிவிட்டிருந்தது.

ஒரு தடவை எதிர்வீட்டுக் குறட்டை நின்றது. நாச்சிமுத்து கிளட்சை மிதித்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. புரண்டு படுத்திருக்கிறாள். குறட்டை திரும்ப வந்தது.

டீசல் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதை மூடினார். முதல் கியர் போட்டார்.