ஆளுக்கொரு பத்தியம்

லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று இரும்புக் கயிறுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, என் வலது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. எதிரே இருந்த கம்பியைத் தாண்டி வை என்றேன். அது பேசாமல் இருந்தது. முதலாளி கத்தும்போது நானும் அப்படித்தான் நிற்பேன் என்பதால் முதலில் சிரிப்புகூட வந்தது. பிறகு இடது காலும் அதனோடு சேர்ந்துகொண்டது. கூண்டைச் சுற்றியிருந்த இடுக்கில் கீழே மாடி மாடியாக இருட்டு. நெஞ்சில் ஒரு துடிப்பு வந்தது, அடுத்தது வரவில்லை. காத்திருந்தேன். பிறகு யாரோ கதவை உதைத்தது மாதிரி வந்தது. மேல் வாசலில் நின்றிருந்த கட்டையனிடம், "டேய், என்னைத் தூக்குடா" என்றேன். இத்தனை வருடம் கூட வேலை பார்த்தவன், எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவன், அன்றைக்குக் கேலி பேசவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

ஆம்புலன்ஸில் என் அண்ணனைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனேன். போன வருடம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தண்ணீர் கேட்டான். கேட்ட வார்த்தை வாயிலிருந்து வேறெதுவோ ஆகி விழுந்தது. உதடு ஒரு பக்கமாக இறங்கியது. மலை மாதிரி இருந்த மனிதனுக்கு இப்போது சட்டைப் பொத்தான் போட அண்ணி வரவேண்டும். அவனைப் பார்த்துவிட்டு வந்த கையோடு என் மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கும் பிரஷர் எகிறிக் கிடந்தது. மாத்திரை கொடுத்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, "இதைத் தின்னு நூறு வயசு இருக்கறதுக்கு ருசியா சாப்பிட்டு நாளைக்கே போயிடலாம்" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாளில் பழைய ருசி வந்துவிட்டது. வழிக்கு வந்துவிட்டாள் என்று மீசையை முறுக்கிக்கொண்டேன்.

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் ஒவ்வொரு முறை தண்ணீர் கேட்கும்போதும் வார்த்தை சரியாக வருகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். போனில் தேடித் தேடிப் படித்தேன். பொட்டாசியம் உள்ளதைச் சாப்பிட்டால் பிரஷர் இறங்கும் என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் இளநீர், மதியம் சீப்பிலிருந்து பிய்த்துப் பிய்த்து வாழைப்பழம், சாயங்காலம் தக்காளிச் சாறு. வீட்டில் மூச்சு விடவில்லை. அவ்வளவு வீராப்பு பேசிவிட்டு, பயந்துபோய்ப் பழம் தின்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? பிரஷர் மெஷினில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. மாத்திரையையும் நிறுத்திக் காட்டிவிட்டு ஒரே அடியாகச் சொல்லி அசத்தலாம் என்று வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு என் மனைவி தையல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே, "பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. இதுக்கு மேல போனா இதயம் நின்னுடும். என்னென்ன சாப்பிட்டீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மனைவியின் முகத்தைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னேன். "எல்லாம் இயற்கையானதுதானே டாக்டர்?"

"மத்தவங்களுக்கு நல்லதுதான். உங்க மாத்திரை பொட்டாசியத்த உடம்பை விட்டு வெளிய போக விடாது. அதைச் சாப்பிட்டுக்கிட்டு இப்படிக் குடிக்கலாமா? ஆனாலும் இது மட்டுமே இவ்வளவு ஏத்தியிருக்காதே." அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். "வீட்டுல என்ன உப்பு போடறீங்க?"

அவள் டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பிரஷர்காரங்களுக்குன்னு கடையில ஒரு உப்பு குடுத்தாங்க. சோடியம் கம்மி, ருசி மாறாதுன்னாங்க. பழைய டப்பாவுலயே கொட்டி வெச்சேன், இவருக்குத் தெரியாம. தெரிஞ்சா தட்டைத் தள்ளுவாரு." குரல் இறங்கியது. "அது அவ்வளவா கரிக்கல. அதனால ரெண்டு கை கூடவே போட்டேன்."

"சோடியத்துக்குப் பதிலா அதுல சேர்க்கறது பொட்டாசியம்தாம்மா" என்ற டாக்டரம்மா, அதற்குமேல் எங்களிடம் பேசவில்லை. நர்ஸிடம் ஊசி மருந்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இடது கையில் மருந்து ஏறத் தொடங்கியது. இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் எதுவும் சொல்லமுடியும் என்றாள் நர்ஸ். திரைக்குள் நாங்கள் இருவர் மட்டும். அண்ணனுக்காவது விழுவதற்கு முன் ஒன்றும் தெரியாது. எனக்கு ஒவ்வொரு துடிப்பும் தெரிந்தது. வராத துடிப்பும் தெரிந்தது. செத்துப்போக எனக்கு இஷ்டமே இல்லை.

"பயமா இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"நீ சொன்னியா?"

"நான் பயந்தது உங்களுக்குத் தெரியாதா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் வலது பக்கம் வந்து, கட்டில் விளிம்பில் கையூன்றித் தலையைக் குனிந்தாள். முடியில் துணி வெட்டிய பிசிறு ஒட்டியிருந்தது.

"வேற எதையும் மறைக்கலன்னு என் தலைல கை வெச்சுச் சொல்லுங்க."

கையைத் தூக்கினேன். தூக்கியதாகத்தான் நினைத்தேன். அது படுக்கைமேல் கிடந்தது. மறுபடி கையிடம் சொல்லிப் பார்த்தேன். விரல்களில் எறும்பு ஊர்ந்தது. அவள் குனிந்தபடி காத்திருந்தாள். இதைச் சொன்னால் இவள் இன்னும் பயப்படுவாளே என்று, பழகிய வாய், தானாக மூடிக்கொண்டது. அவள் கழுத்து நடுங்குவதைப் பார்த்தேன்.

"கை வரல" என்றேன்.

அவள் நிமிரவில்லை. என் கையைத் தானே எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள். அது சரிந்துவிடாமல் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரைப் பக்கம் திரும்பி, தொண்டை கிழிய டாக்டரைக் கூப்பிட்டாள்.