சகனில் நாலு பேர்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், காரைக்கால் நிக்காஹ் விருந்தொன்றில் உண்ட நாற்பத்து மூன்று பேருக்கு ஏற்பட்ட வயிற்றுப்போக்கின் மூலகாரணத்தை, மூவர் கொண்ட உயர்நிலைக் குழு ஒன்றரை நாளில், ஏசி அறையை விட்டு அசையாமலே கண்டுபிடித்துவிட்டது. காரணம், பிரியாணி.

குழுத் தலைவர் பஞ்சநாதனின் ஆய்வுமுறை எளிமையானது. படுக்கையில் கிடந்தவர்களிடம் "பிரியாணி சாப்பிட்டீங்களா?" என்று கேட்கச் சொன்னார். எல்லோரும் ஆமென்றார்கள். கல்யாணத்துக்குப் போனவன் வேறென்ன, பந்தலையா சாப்பிடுவான்?

திங்கட்கிழமையே விருந்து சமைத்த பண்டாரி அலாவுதீனின் சமையற்கூடத்துக்கு சீல் வைத்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இன்னொரு கல்யாணச் சமையல் பேசியிருந்தது. அது கைவிட்டுப் போனால், இனி அவர் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைக்கூட இந்த ஊரில் யாரும் வாங்கப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வினோதா வந்தார். குரும்பகரத்தில் நடவு நட்டவரின் மகள். தொற்றுநோயியலில் இருபத்திரண்டு வருட ஆராய்ச்சி, அதாவது, முன்பின் தெரியாதவர்களிடம் "எத்தனை தடவை போச்சுங்க? தண்ணியாவா?" என்று இருபத்திரண்டு வருடமாக மரியாதையுடன் கேட்டு எழுதிக்கொண்டவர். வெளிநாட்டு மாநாடுகளில் எழுந்து நின்று கைதட்டுவார்கள். "எம் பொண்ணு பேதி டாக்டரு" என்று அவருடைய அம்மா அமுதம் சொல்வதுதான் மகளின் முப்பத்தொரு ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் சரியான சுருக்கம்.

வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மணப்பெண்ணின் அண்ணன் ஷகீல் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"அந்த பண்டாரிய உள்ள தள்ளுங்க டாக்டரம்மா. கெட்டுப்போன கறி!"

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"கடைசிப் பந்தி சகன்ல உக்காந்தேன். எனக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப உங்களத்தான் பாக்கணும். நல்லா இருக்கறவங்கள்லாம் எங்க?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. இதற்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம். பஞ்சநாதன் திறந்துவைக்க வந்துவிடுவார் என்பதால் வேண்டாம்.

சகன் என்பது பெரிய தாம்பாளம். சுற்றி நாலு பேர், ஒரே குவியலில் நாலு கை. யார் யாரோடு உட்கார்ந்தார் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. தன் பங்குக் கறியை எடுத்துத் தின்றவனை எவன் மறப்பான்? இரண்டு நாள், வேகாத வெயிலில், வீடு வீடாக ஏறி அறுபத்தாறு சகனையும் வினோதா எழுதி முடித்தார். ஒரே சகனில் ஒருவர் படுத்த படுக்கை. மற்ற மூவர் திடகாத்திரம். ஒரே சோறு, ஒரே கறி. ஆக, வில்லன் தட்டுக்கு வெளியே இருந்தான்.

அவனைக் காட்டிக் கொடுத்தது பெண்ணின் பெரியம்மா பத்ருன்னிசா.

"என் சகன்ல மத்த மூணு பேரும் ஆஸ்பத்திரில. நான் மட்டும் கல்லு மாதிரி இருக்கேன், பாருங்க."

"அவங்க சாப்பிட்டு நீங்க தொடாதது ஏதாச்சும்?"

"சர்பத்து. எனக்குத்தான் சுகராச்சே."

சர்க்கரை நோய்க்கும் ஒரு நல்ல காலம். படுத்த நாற்பத்து மூன்று பேரும் சர்பத் குடித்தவர்கள். கடைசிப் பந்திக்கு சர்பத் தீர்ந்துவிட்டிருந்தது.

"சர்பத்துக்கு ஐஸ் எங்க வாங்குனது?"

ஷகீல் தரையைப் பார்த்தார். "கடை ஐஸ் பத்தல. கருக்களாச்சேரி கடக்கரையில போட்டுக்கு ஏத்துற ஐஸ் பார்... நாந்தான் ரெண்டு எடுத்தாந்தேன். ஐஸ் ஐஸ்தானேன்னு..."

"அது மீனுக்குத் தம்பி. எந்தத் தண்ணில உறைய வச்சீங்கன்னு மீன் கேக்காது."

கரையிலிருந்து ஐஸ் சோதனைக்குப் போனது. பஞ்சநாதன் போனில் வந்தார்.

"குழு முடிவெடுத்துருச்சே மேடம்."

"கிருமிக்கு யாரும் சொல்லலையே சார்."

சனிக்கிழமை முடிவு வந்தது: ஐஸில் கிருமி. மாலையில் சீலை உடைத்தார்கள். ஷகீல் தானே போய் அலாவுதீன் முன் மன்னிப்புக் கேட்டு நின்றார்.

"மாப்பு மாமா."

"மாப்பெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு சர்பத்து பக்கம் உன்னப் பாத்தேன், கரண்டியாலயே போடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை அலாவுதீன் சமைத்து நானூறு பேர் சாப்பிட்டார்கள். ஐஸ் இல்லாத சர்பத் வாயில் வைக்க விளங்கவில்லை என்று குறை சொன்னார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.